பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிரசாரத்திற்கு அழைக்கலாமா?

தேர்தல் வந்துவிட்டால் கட்சி ஊழியருக்குத் தூக்கம் கிடையாது. ஆலை வாயிலில் நின்று துண்டறிக்கை கொடுக்க வேண்டும். தேநீர்க் கடையில் வாதாட வேண்டும். வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்க வேண்டும். பொதுக்கூட்டத்திற்கு ஆள் திரட்ட வேண்டும். நாம் அழைத்தவர்களில் விருப்பமுள்ளவர் வருவார், விருப்பமில்லாதவர் வீட்டிலிருப்பார். அதுதான் முறை. ஆனால் ஊரில் ஓரிடம் இருக்கிறது. அங்கே ஒரே ஒருவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்நூறு பேர் சீருடையோடு வரிசையாக வந்து நிற்பார்கள். 'வரமாட்டேன்' என்று ஒருவர்கூடச் சொல்லமாட்டார். அந்த இடம் பள்ளிக்கூடம். அந்த ஒருவர் தலைமையாசிரியர்.

இவ்வளவு சுலபமாக ஆள் கிடைக்கும் இடத்தை விட்டுவைக்க எந்தக் கட்சிக்குத்தான் மனம் வரும்? ஆகவேதான் இந்தக் கேள்வியை நாம் நேருக்கு நேராக எடுத்துக்கொள்கிறோம்: பள்ளிக்கூடம் தன் மாணவர்களை அரசியல் பிரசாரத்தில் ஈடுபடுத்தலாமா? கூடாது என்பதே நமது பதில். ஆளுங்கட்சிக்காகவும் கூடாது, எதிர்க்கட்சிக்காகவும் கூடாது. நமக்குப் பிடிக்காத கொள்கைக்காகவும் கூடாது, உயிருக்கு உயிராக நாம் நேசிக்கும் கொள்கைக்காகவும் கூடாது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். தேர்தல் சம்பந்தமான எந்த வேலையிலும் குழந்தைகள் கலந்துகொள்ளக் கட்சிகள் இடங்கொடுக்கக் கூடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014 ஆகஸ்டு 4 அன்று கூறிற்று. அதை எடுத்துக்காட்டி, இந்தியத் தேர்தல் கமிஷன் 2024 பிப்ரவரி 5 அன்று எல்லாக் கட்சிகளுக்கும் உத்தரவு பிறப்பித்தது. பிள்ளைகளைக் கொண்டு கோஷம் போடச் செய்யாதே, துண்டறிக்கை கொடுக்கச் செய்யாதே, சுவரொட்டி வேலைக்கு அனுப்பாதே, பாட்டுப் பாட வைக்காதே, சின்னத்தைப் பிடிக்க வைக்காதே, வேட்பாளர் தம் கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாக்குக் கேட்காதே என்றெல்லாம் விவரமாகச் சொல்லிற்று. தகப்பனோ தாயோ தன் பிள்ளையை உடன் அழைத்து வந்தால், அந்தப் பிள்ளை பிரசாரத்தில் ஈடுபடாதவரையில் குற்றமில்லை என்றும் அந்த உத்தரவிலேயே இருக்கிறது. நியாயமான ஏற்பாடு. மகனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தலைவரின் பேச்சைக் கேட்க வரும் தொழிலாளியை யாரும் தடுக்கவில்லை.

உத்தரவு வந்து ஆறே வாரம். 2024 மார்ச்சு 18 அன்று கோவையில் பிரதமரின் வாகனப் பேரணி நடந்தது. சாலையோரத்தில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் நின்றனர். புகார் எழுந்தது. பள்ளி நிர்வாகத்தின் மீது போலீசார் வழக்குப் பதிந்தனர். அந்த வழக்கைப் பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. வழக்கு நின்றதா விழுந்ததா என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். நாம் கேட்பது வேறு. எந்தப் பள்ளியிலாயினும், எந்தத் தலைவரின் ஊர்வலத்திற்காயினும், பிள்ளைகள் புறப்படும்போது ஒரு மாணவன், "ஐயா, நான் வகுப்பிலேயே இருந்து கணக்குப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியுமா?

முடியாது என்பது நமக்குத் தெரியும். ஏன் முடியாது? வருகைப் பதிவேடு ஆசிரியர் கையில் இருக்கிறது. மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது. நன்னடத்தைச் சான்றும் மாற்றுச் சான்றிதழும் அவர் கையொப்பத்திற்குக் காத்திருக்கின்றன. அந்தக் கையே ஒரு கட்சிக் கொடியையும் எடுத்து நீட்டினால், வாங்கிக்கொள்ளாமல் இருக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏது வலிமை?

தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு மில் முதலாளி, தான் ஆதரிக்கும் வேட்பாளரின் கூட்டத்திற்குத் தன் தொழிலாளர்களை லாரியில் ஏற்றி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எல்லோரும் விரும்பித்தான் போனார்கள்" என்று அவர் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? சம்பளம் கொடுக்கும் கை நீட்டி அழைக்கும்போது விருப்பம் எங்கே, கட்டாயம் எங்கே என்று கேட்கமாட்டோமா? அந்தத் தொழிலாளிக்காவது சங்கம் உண்டு, முறையிட இடம் உண்டு, கோபம் வந்தால் வாக்குச்சாவடியில் தீர்த்துக்கொள்ள வாக்கு உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவற்றில் எது உண்டு?

தேர்தல் கமிஷனின் உத்தரவு தேர்தலுக்கு மட்டுந்தான். தேர்தல் இல்லாத காலத்தில் நடப்பதையும் பார்க்க வேண்டும். பீகாரில் 2016இல் மதுவிலக்கு வந்தது. அதற்கு ஆதரவாக 2017 சனவரி 21 அன்று அந்த அரசாங்கம் மாநிலமெங்கும் மனிதச் சங்கிலி அமைத்தது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் கைகோத்து நின்றனர். குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள் நாம். மது ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு யாரோடும் சண்டையில்லை. ஆனால் மதுவிலக்கு ஓர் அரசாங்கத்தின் கொள்கை. ஆதரிப்போர் உண்டு, எதிர்ப்போர் உண்டு, வேறு வழி சொல்வோரும் உண்டு. அந்த வழக்கில் அரசாங்கத்தின் பக்கத்துச் சாட்சியாகப் பிள்ளைகளை நிறுத்தலாமா? இன்று நல்ல காரியத்திற்காக நிறுத்தப் பழகிய பள்ளிக்கூடம், நாளை அமைச்சர் மாறியதும் வேறு காரியத்திற்காகவும் நிறுத்தும். அது நல்லதா கெட்டதா என்று கேட்கும் பழக்கம் அதற்குள் மறைந்து போயிருக்கும்.

"விடுதலைப் போரில் மாணவர்கள் வரவில்லையா? மொழிப் போரில் மாணவர்கள் வரவில்லையா?" என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. வந்தார்கள், அவர்கள் வந்த விதத்தை மறந்துவிடாமல் பேசுவோம்.

1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் எழுந்தபோது, கார்லைல் என்ற அதிகாரியின் பெயரால் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்களை அரசியலிலிருந்து தடுக்காத பள்ளிகளுக்கு அரசாங்கத்தின் மானியம் நிற்கும் என்று அது மிரட்டிற்று. மாணவர்கள் அடங்கவில்லை. அந்தச் சுற்றறிக்கையை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். 1906இல் தேசியக் கல்விக் கழகம் பிறந்ததும் அந்தக் கொந்தளிப்பிலிருந்துதான்.

1920 டிசம்பரில் நாகபுரி காங்கிரசு, சர்க்கார் பள்ளிகளைப் புறக்கணிக்க அழைத்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். அப்போதும் அந்தத் தீர்மானம் ஒரு கோடு போட்டது. 16 வயதிற்குக் குறைந்தவர்களைப் பற்றிப் பெற்றோரிடந்தான் பேசியது, பிள்ளைகளிடம் பேசவில்லை. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பேசியபோது, உங்கள் மனச்சாட்சி ஒப்பினால் வெளியேறுங்கள் என்றது. ஒரு சாம்ராச்சியத்தை எதிர்த்து நின்றவர்களே அவ்வளவு நிதானம் காட்டினார்கள். ஒரு வார்டுத் தேர்தலுக்கு நாம் அந்த நிதானத்தை இழக்கலாமா?

1965 சனவரி 25 அன்று மதுரையில் ஊர்வலம் கிளம்பியது மாணவர்களின் முடிவால். இரண்டு நாள் கழித்துத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்த இராசேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். கல்லூரி நிர்வாகம் யாரையும் வரிசையில் நிறுத்தி அனுப்பவில்லை. அரசாங்கம் கல்லூரிகளை இழுத்து மூடியது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் பர்மிங்காம் நகரில் 1963 மே 2 அன்று ஆயிரத்திற்கும் அதிகமான கறுப்பினப் பிள்ளைகள் நிறவெறியை எதிர்த்து வகுப்பைவிட்டு வெளியேறினர். மறுநாள் அவர்கள் மீது தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள், நாய்களை ஏவினார்கள். நகரக் கல்வி வாரியம் அந்தப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே நீக்கப் பார்த்தது, நீதிமன்றம் தடுத்தது. அவ்வளவு சிறியவர்களைத் தெருவுக்கு அழைத்தது சரியா என்று அந்த இயக்கத்திற்குள்ளேயே வாதம் நடந்தது. வாதம் நடந்ததே அந்த இயக்கத்திற்குப் பெருமை.

இந்த நான்கிலும் மாணவர்கள் பள்ளியின் அதிகாரத்தை மீறி வந்தார்கள், அல்லது அதன் கட்டளை இல்லாமல் வந்தார்கள். பிடித்தால் வருவதும், பிடிக்காவிட்டால் விலகுவதும் அவர்கள் கையில் இருந்தது. மணியடித்து, வரிசை கட்டி, தலைமையாசிரியரின் உத்தரவால் சாலையோரம் நிற்கும் பிள்ளையை அவர்களோடு ஒப்பிடுவது அவர்களுடைய தியாகத்திற்குச் செய்யும் அவமதிப்பு.

"அப்படியானால் மாணவர்கள் அரசியலே பேசக் கூடாது என்கிறீர்களா?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கட்சி நாமல்ல. பேசட்டும், படிக்கட்டும், வாதாடட்டும். அமெரிக்காவில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டி வந்ததற்காகச் சில மாணவர்களைப் பள்ளி வெளியேற்றியது. பள்ளி வாசலில் பேச்சுரிமை பறிபோவதில்லை என்று 1969இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகள், தங்கள் மத நம்பிக்கை காரணமாகத் தேசிய கீதத்தின்போது மரியாதையோடு எழுந்து நின்று, பாடாமல் இருந்ததற்காக நீக்கப்பட்டார்கள். அந்த நீக்கம் செல்லாது என்று 1986இல் நமது உச்சநீதிமன்றம் கூறிற்று. நாட்டின் கீதத்தையே பாடாமல் நிற்கப் பிள்ளைக்கு உரிமை உண்டென்றால், ஒரு கட்சியின் கோஷத்தைப் போடாமல் இருக்க எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

பள்ளியில் அரசியல் பாடம் வேண்டும் என்பதுதான் நமது கட்சி. வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆனது அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தத்தால். 1989இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர் பள்ளியைவிட்டு வெளியே வந்ததும் வாக்காளர். ஊராட்சிக்கு வரி எங்கிருந்து வருகிறது, கூலிச் சட்டம் எப்படிப் பிறந்தது, கட்சிகள் எதற்காக மோதுகின்றன என்று தெரியாமலே அவரை அனுப்பலாமா? இட்லரின் ஆட்சியில் இளைஞர்களைக் கட்டாயமாகக் கொடியின் கீழ் நிறுத்திய செர்மனி, அதில் பட்ட பாட்டுக்குப் பிறகு 1976இல் பாய்டல்சுபாக் என்ற ஊரில் ஒரு முறையைக் கண்டது. மாணவன் மீது ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். தன் நிலைமையைத் தானே ஆராயும் திறமையை மாணவனுக்குத் தர வேண்டும். நம் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல விதி வேண்டுமா?

"மற்றக் கட்சிக்காரன் செய்கிறானே, நாம் மட்டும் சும்மா இருப்பதா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாற்காலி யாருக்கும் சாசுவதமல்ல. நாம் திறந்துவிடும் கதவு நமக்குப் பின்னால் வருகிறவருக்கும் திறந்தே இருக்கும். நம் மகனை அவர்கள் லாரியில் ஏற்றும்போது தட்டிக் கேட்க நமக்கு வாய் இருக்க வேண்டுமென்றால், அவர்கள் மகனை நாம் ஏற்றியிருக்கக் கூடாது. வெயிலில் நிற்பது யாருடைய பிள்ளை என்றும் எண்ணிப் பாருங்கள். அமைச்சரின் பிள்ளை நிற்காது, ஆலை அதிபரின் பிள்ளை நிற்காது. கூலிக்காரன் பிள்ளை நிற்கும். அந்த ஒரு நாள் பாடம் போனால் வீட்டில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளை நிற்கும்.

எனவே தோழர்களே, நமது கிளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். கூட்டத்திற்குப் பிள்ளைகளை அனுப்பும்படி எந்தத் தலைமையாசிரியரிடமும் போய் நிற்காதீர்கள். அவராகவே அனுப்புகிறேன் என்றாலும் வணக்கம் சொல்லி மறுத்துவிடுங்கள். வேறு யாராவது உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றால், பெற்றோரைத் திரட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். ஆசிரியரைத் திட்டாதீர்கள், மேலிடத்து வார்த்தைக்கு அஞ்சும் நிலையில் அவரும் இருக்கலாம். மாலையில் படிப்பகத்தைத் திறந்து வையுங்கள். எல்லாக் கட்சிப் பத்திரிகைகளையும் மேசைமேல் போடுங்கள். வருகிற மாணவன் படிக்கட்டும், நம்மிடம் கேள்வி கேட்கட்டும், நம்மை மறுத்தும் பேசட்டும். பதினெட்டு வயதில் அவன் தன் காலால் நடந்து வந்து நம் கொடியை எடுத்தால், அதைவிடப் பெரிய வெற்றி நமக்கு வேண்டியதில்லை. எடுக்காவிட்டால், அவன் மனத்தை வெல்ல நமக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். அந்த வேலையைப் பள்ளிக்கூடத்து மணியிடம் ஒப்படைக்க வேண்டாம்.