குளிர் யந்திர வைத்தியர்

குளிர்சாதன யந்திரம் குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் வேலை. 1902-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி வர்ணங்கள் பிசகின. அதைத் தடுக்க வில்லிஸ் காரியர் என்னும் இளைஞர் வகுத்த முறையே இத்தொழிலுக்கு அடிகோலியது.

வெப்பத்தைச் சுமந்து செல்வது குழாய்க்குள் ஓடும் வாயு. ஊசிமுனையளவு துவாரம் விழுந்தாலும் அது நழுவிவிடும். தேர்ந்த மெக்கானிக் மிஞ்சிய வாயுவைத் தனி உருளையில் சேமிப்பார். சோப்பு நுரை தடவிக் கசிவைக் கண்டு, பற்றவைத்து அடைத்த பிறகே மறுபடி நிரப்புவார். அவசரக்காரரோ அதைக் காற்றில் திறந்துவிடுவார்.

அதனால் என்ன நஷ்டம்? பழைய யந்திரங்கள் பலவற்றில் உள்ள 'ஆர்-22' வாயு ஒரு கிலோ வெளியேறினால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்கும். ஓஸோன் படலத்தையும் அரிக்கும். அப்படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது. கையெழுத்திட்டவர்கள் ராஜதந்திரிகள்; அதை நிறைவேற்றுகிறவர்களோ மொட்டை மாடி வெயிலில் நிற்கும் தொழிலாளர்கள்.

ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு பயிலும் இத்தொழிலைக் கௌரவக் குறைவென்று கருதும் பெற்றோர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக!