பறக்கும் வில்லையும் வண்ணக் கண்ணாடியும்

ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது துப்பாக்கி சுடும் வீரர்களைக் கவனித்திருப்பீர்கள். பறக்கும் இலக்கைச் சுடும் ‘டிராப்’, ‘ஸ்கீட்’ போட்டிகளில் ஒருவர் மஞ்சள் கண்ணாடி அணிந்திருப்பார். பக்கத்தில் நிற்பவர் ரோஜா நிறக் கண்ணாடி அணிந்திருப்பார். அதே வீரர் காலையில் ஒரு நிறம், மாலையில் வேறு நிறம் என்று மாற்றிக்கொள்வதும் உண்டு. இதெல்லாம் அழகுக்காகவா? இல்லை. அந்தக் கண்ணாடியின் நிறத்திற்குப் பின்னால் ஒளியைப் பற்றிய நல்ல பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் இலக்கைப் பார்ப்போம். அதற்குக் ‘களிமண் புறா’ என்று பெயர். ஆனால் இப்போது அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை! ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அந்தக் கொடுமை நடந்தது. அதற்கு முன்பே, 1880-இல், அமெரிக்காவில் லிகோவ்ஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் தட்டு வடிவில் ஓர் இலக்கைச் செய்து காப்புரிமை பெற்றிருந்தார். இன்று சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். ஒலிம்பிக் வில்லையின் குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை சுமார் 105 கிராம். நம் வீட்டுச் சிறிய தட்டைவிடச் சிறியது.

டிராப் போட்டியில் வீரர் குரல் கொடுத்ததும் 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் உள்ள பொறி வில்லையை வீசும். எந்தப் பக்கம் போகும் என்பது அவருக்குத் தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது புறப்படும். சுமார் 30 மீட்டர் தொலைவில் அதைப் பிடித்தாக வேண்டும். அந்தத் தொலைவில் 11 சென்டிமீட்டர் வில்லை எவ்வளவு பெரிதாகத் தெரியும்? முழு நிலவின் அகலத்தில் பாதிகூட இராது. அதுவும் பெரும்பாலும் விளிம்புதான் தெரியும். எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். ஆகவே ‘எப்படிச் சுடுவது’ என்பதற்கு முன்பு ‘எவ்வளவு சீக்கிரம் பார்ப்பது’ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இப்போது நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பரிசுப் பொட்டலங்களில் சுற்றி வரும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல நிறக் கண்ணாடிக் காகிதங்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற அட்டையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, வேப்பமரத்தின் இலைகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். இருபதடி தள்ளி நின்று ஒவ்வொரு தாளின் வழியாகவும் பாருங்கள். (எந்தத் தாளின் வழியாகவும் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது. கண் பாழாகிவிடும்.)

நீலத்தாள் வழியே அட்டை ஏறக்குறையக் கறுத்துவிடும். பச்சைத்தாள் வழியே இலைகள் பளிச்சென்று இருக்க, அட்டை மங்கும். சிவப்புத்தாளில் நேர் எதிர்: இலைகள் இருண்டுபோக, அட்டை மட்டும் விளக்குப் போல எரியும்!

காரணம் எளிது. வண்ணக் கண்ணாடி எந்த நிறத்தையும் புதிதாகச் சேர்ப்பதில்லை; சிலவற்றை விழுங்கிவிடுகிறது. அவ்வளவுதான். ஆரஞ்சு அட்டையிலிருந்து வரும் ஒளி பெரும்பாலும் 590 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளம் உடையது. இலையிலிருந்து வருவதில் 550 நானோமீட்டரை ஒட்டிய பச்சைதான் மிகுதி. பச்சையை விழுங்கும் கண்ணாடி இலையின் ஒளியைக் குறைத்துவிடும், அட்டையின் ஒளியை விட்டுவிடும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெருகிவிடுகிறது. இலக்கை வெளிச்சமாக்க முடியாது. பின்புலத்தை மங்கச் செய்ய முடியும். கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமம் இதுதான்.

மரங்கள் அடர்ந்த மைதானத்தில் ஆரஞ்சு வில்லையைச் சுடுவோர் ரோஜா அல்லது மெஜந்தா நிறத்தை விரும்புவது இதனால்தான். அவை பச்சையைக் குறைத்து, சிவப்பையும் ஓரளவு நீலத்தையும் விடுகின்றன. பின்புலம் வெறும் நீலவானமாக இருந்தால் கதை மாறுகிறது. அங்கே விழுங்கப்பட வேண்டியது நீலம். நீலத்தை விழுங்கும் கண்ணாடி நமக்கு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் எடுத்த பழைய புகைப்படக்காரர்கள் மேகங்களை எடுப்பாகக் காட்ட காமிராவில் மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தியதும் இதே தந்திரம்தான்.

மஞ்சளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்றில் உள்ள மூலக்கூறுகள் குறுகிய அலைநீள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீல ஒளி, 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைப் போல மூன்று மடங்கு சிதறுகிறது. தொலைவில் உள்ளவற்றின்மேல் மெல்லிய நீலத் திரை போர்த்தியதுபோலத் தெரிவதற்கு இதுவே காரணம். மஞ்சள் கண்ணாடி அத்திரையை ஓரளவு விலக்கிவிடும்.

நீலத்தை இப்படித் தள்ளிவிட்டால் பார்வைக்கு நட்டம் இல்லையா? மிகக் குறைவு. நம் விழித்திரையில் நிறம் காண மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. ஆனால் மிகக் கூர்மையாகப் பார்க்கும் நடுக்குழியின் மையத்தில் நீலத்திற்கான கூம்புகளே கிடையாது! நுணுக்கமாகப் பார்க்கும் வேலையைச் செய்பவை மற்ற இரண்டு வகைகளே. இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் கண்ணாடி போட்டதும் உலகமே பிரகாசமானதுபோலத் தோன்றும். உண்மையில் கண்ணுக்குள் வரும் ஒளி சற்றுக் குறைந்துதான் இருக்கிறது. அளந்து பார்த்தால் பார்வைக் கூர்மையும் பெரிதாக உயர்ந்திருப்பதில்லை. கடைக்காரர் “இதைப் போட்டால் கழுகுப் பார்வை வந்துவிடும்” என்றால் நம்பாதீர்கள்.

வெயில் கடுமையாக இருந்தால் நல்ல கறுப்புக் கண்ணாடியே போதாதா என்று கேட்பீர்கள். பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். கடைத்தெருவில் விற்கும் கறுப்புக் கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் ஆறில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் உள்ளே விடும். எல்லா நிறங்களையும் ஒரே அளவில் குறைப்பதால் வில்லைக்கும் வானத்திற்கும் உள்ள வேறுபாடு கூடுவதும் இல்லை. போதாதற்கு, ஒளி குறைந்தால் கண் பாவை விரிகிறது; பிம்பம் சற்றே கூர்மை இழக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய இடையூறு ஒன்று இருக்கிறது: மங்கலான ஒளியில் கண் தாமதமாக வேலை செய்கிறது.

இதையும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, உங்களுக்குக் குறுக்காக, இடமும் வலமுமாக ஆடுமாறு நண்பரை ஆட்டச் சொல்லுங்கள். ஏழெட்டு அடி தள்ளி நின்று, கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை ஒரு கண்ணுக்கு முன்னால் மட்டும் பிடித்துக்கொண்டு, இரு கண்களையும் திறந்து பாருங்கள். நேராக ஆடும் கல் நீள்வட்டத்தில் சுற்றி வருவதுபோலத் தோன்றும்! மூடிய கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுப் பிந்தி வருவதால், கல் அந்தக் கண்ணுக்கு ஓர் இடத்திலும் மற்றதற்கு வேறிடத்திலும் இருக்கிறது. மூளை அந்த வேறுபாட்டைத் தூரமாகக் கணக்கிட்டு ஏமாறுகிறது. 1922-இல் இதை விளக்கிய ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் புல்ஃப்ரிக்கின் பெயரால் இதைப் புல்ஃப்ரிக் விளைவு என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தம் பெயர் தாங்கிய காட்சியை அவர் ஒருமுறையும் கண்டதில்லை.

தாமதம் வினாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வில்லை அந்த நேரத்தில் 28 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது, தன் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு! ஆகவே அனுபவமுள்ளவர்கள் ஒரே ஒரு விதியைச் சொல்வார்கள்: கண் கூசாத அளவுக்கு எது மிக வெளிறிய நிறமோ, அதை அணியுங்கள். மாலை மங்கினால் இன்னும் வெளிறியதற்கு மாறுங்கள். தேவையானால் நிறமே இல்லாததற்கு. பெட்டியில் நாலைந்து ஜோடி வில்லைகளைக் கொண்டுபோவது அதற்காகத்தான்.

நிறம் எதுவானாலும் கண்ணாடி இல்லாமல் மட்டும் நிற்கக்கூடாது. ஒரு தோட்டாவில் 24 கிராம் எடையில் முந்நூறு போல ஈய ரவைகள் இருக்கும். அவற்றில் ஒன்று எதிலாவது பட்டுத் திரும்பலாம். உடைந்த வில்லையின் சில்லு காற்றில் வந்து விழலாம். சுடுபவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்துதான். எனவே சாதாரணக் கண்ணாடி உதவாது. உடைந்து சிதறாத பாலிகார்பனேட் வில்லைதான் வேண்டும். அது புறஊதாக் கதிர்களையும் தடுத்துவிடும். நடைபாதையில் மலிவாக வாங்கும் கறுப்புக் கண்ணாடியில் அந்தத் தடுப்பு இல்லாமற்போனால் விளைவு விபரீதம். இருட்டைக் கண்டு பாவை விரியும். விரிந்த வாசல் வழியாகப் புறஊதாக் கதிர்கள் தாராளமாக உள்ளே போகும். வெயிலில் விளையாடும் உங்களுக்கும் இது பொருந்தும்.

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் கலந்துகொண்டார். இத்தகைய போட்டிகளின் படங்கள் கிடைத்தால், சுடுபவரின் முகத்தை உற்றுப் பாருங்கள். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துத் தலையைக் குனிந்திருப்பார். கண் மட்டும் மேல்நோக்கும். பார்வை வில்லையின் மேல் ஓரத்தை ஒட்டிப் போகும். அதனால் சுடும் கண்ணாடிகளைச் சாதாரணக் கண்ணாடியைவிட மூக்கில் உயரமாக அமரும்படி செய்கிறார்கள். மேல் சட்டம் பார்வைக்குக் குறுக்கே வருவதில்லை.