மொழி தெரியாதவராக நடித்த அகதிப் பிள்ளை

கடந்த வருடம் எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். கணவரின் மரணச் சான்றிதழ் சம்பந்தமாக ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே சிங்களத்தில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தனக்குத் தெரிந்த நாலு சொல்லை வைத்துப் பதில் சொல்ல, அது வேறு கருத்தாகி, அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "வேலை முடிஞ்சுதான் வந்தனான் பிள்ளை. ஆனா அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள்ள நிக்குது" என்றார்.

அன்று இரவு முழுவதும் எனக்கு மனுவேலின் நினைவாகவே இருந்தது.

மனுவேல் உண்மையான ஆள் அல்ல. பிபிசி தொலைக்காட்சியில் 1975இலும் 1979இலும் ஒளிபரப்பான 'ஃபோல்ட்டி டவர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடரில் வரும் வெயிட்டர். தொடரில் மொத்தம் 12 பகுதிகள்தான். ஆனாலும் 2000ஆம் ஆண்டில் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் தெரிவு செய்த மிகச் சிறந்த 100 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் அதற்கே முதலிடம் கிடைத்தது. இங்கிலாந்தின் டோர்க்கி என்ற கடற்கரை நகரத்துச் சிறிய ஹோட்டலில் கதை நடக்கிறது. முதலாளி பசில் பெரிய இடத்து ஆட்களுக்குக் கூழைக்கும்பிடு போடுபவர், மனைவிக்குப் பயந்தவர். அந்தக் கோபத்தையெல்லாம் மனுவேல் மீதுதான் தீர்ப்பார். ஸ்பெயினின் பார்சலோனாவிலிருந்து பிழைக்க வந்த மனுவேலுக்கு ஆங்கிலம் வராது. ஒன்றைச் சொன்னால் வேறொன்று விளங்கும். உடனே தலையில் அடி விழும்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கில வகுப்பொன்றில் இதை முதன்முதலாகப் போட்டுக் காட்டினார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரைவிட்டு வந்து, கடையில் ஒரு சாமான் கேட்பதற்கும் வார்த்தை தேடிக்கொண்டிருந்த காலம் அது. மொழி தெரியாத ஒரு ஏழையை அடித்துச் சிரிப்பதா என்று கோபம்தான் வந்தது. அந்த வேடத்தில் நடித்தவரின் கதையை வாசித்தது பல வருடங்களுக்குப் பிறகுதான்.

அவருடைய பெயர் அன்ட்ரூ சாக்ஸ். அவர் ஸ்பானியரும் அல்ல, பிறப்பால் ஆங்கிலேயரும் அல்ல. 1930 ஏப்ரல் 7ஆம் திகதி ஜேர்மனியின் பேர்லின் நகரில் பிறந்தவர். தந்தை காப்புறுதி முகவர், யூதர். தாய் நூலகர், கத்தோலிக்கர். பிள்ளைக்கு மூன்று வயது நிறையும் முன்பே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். 1935இல் யூதரும் மற்றவரும் திருமணம் செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஏற்கனவே மணம் முடித்திருந்த பெண்களுக்கு யூதக் கணவரை விவாகரத்துச் செய்யும்படி நெருக்குதல் இருந்தது. விட்டுப் பிரிந்தால் அவர்களுக்குத் தொல்லை குறையும், கணவருக்கு இருந்த கொஞ்சப் பாதுகாப்பும் போய்விடும். 1938இல் குடும்பமாக உணவகம் ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளின் கண்முன்னால் தந்தை கைது செய்யப்பட்டார். பிறகு விடுதலையாகி அவர் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர, தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார்.

இந்த இடத்தை வாசித்தபோது என்னால் உடனே தாண்டிப் போக முடியவில்லை. நாங்கள் அறிந்த எத்தனை தாய்மார் இப்படித்தான் பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு, முன்னால் போனவரைத் தேடிப் போனார்கள்!

வட லண்டனில் குடியேறினார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது. அடுத்த வருடமே யுத்தம் தொடங்கியது. பேர்லினில் யூதன் மகன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை, இப்போது எதிரி நாட்டுப் பெயரோடு லண்டன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். 1944இல், மகனுக்கு 14 வயதாக இருக்கும்போது, தந்தை இறந்துபோனார்.

அதன் பிறகு நாடக மேடை. சிறு சிறு வேடங்கள், வானொலி, மேடைக் கேலிக்கூத்துகள் என்று கிட்டத்தட்ட 25 வருடங்கள் பெரிதாக யாரும் அறியாமலே உழைத்தார். 1960இல் மெலடி லாங் என்ற நடிகையை மணந்தார். மெலடிக்கு முன்னைய திருமணத்தில் இரண்டு ஆண் பிள்ளைகள். அவர்களைத் தன் பிள்ளைகளாகவே தத்தெடுத்துக்கொண்டார். பிறகு ஒரு மகளும் பிறந்தாள்.

1973இல் லண்டன் மேடை நாடகமொன்றில் அவரைப் பார்த்த ஜோன் கிளீஸ்தான் மனுவேல் வேடத்துக்கு அழைத்தார். கிளீஸ் தன் மனைவி கொனி பூத்துடன் சேர்ந்து தொடரை எழுதி, பசிலாகவும் நடித்தவர். தனக்கு ஸ்பானிய உச்சரிப்பு வருமோ என்று தயங்கிய சாக்ஸ், வெயிட்டரை ஜேர்மன்காரனாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அது நடக்கவில்லை.

தொடரை மீண்டும் பார்த்தபோதுதான் நான் முன்பு காணாத ஒன்றைக் கண்டேன். மனுவேல் ஒருபோதும் தன்னை முட்டாள் என்று நினைப்பதில்லை. தப்பாக விளங்கினாலும் முழு மனதோடு ஓடிப்போய்ச் செய்கிறார். விளங்கப்படுத்தத் தெரியாதவர், பொறுமை இல்லாதவர், பொய்க்கு மேல் பொய் சொல்லி மாட்டிக்கொள்பவர் எல்லாம் முதலாளிதான். மொழி விளங்காமல் திகைத்து நிற்கும் முகம் எப்படியிருக்கும் என்பதை அந்த நடிகருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

1975இல் வந்த 'ஜேர்மானியர்கள்' என்ற பகுதி இன்னும் விசேஷம். ஜேர்மன் விருந்தினர் வரும்போது யுத்தத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கட்டளையிடும் பசில், தானே மூச்சுக்கு மூச்சு அதையே பேசி அவர்களை அழவைக்கிறார். அந்த யுத்தத்துக்குக் காரணமானவர்களால் விரட்டப்பட்ட ஒருவர் அதே ஹோட்டலில் ஸ்பானிய வெயிட்டராக நிற்கிறார்! அந்தப் பகுதியில் சமையலறை தீப்பிடிக்கும் காட்சிக்காக அவருடைய சட்டையில் புகை வர இரசாயனம் பூசினார்கள். அது தோலில் பட்டுக் காயமாகிவிட்டது. பிபிசி 700 பவுண் நட்டஈடு கொடுத்தது. இன்னொரு பகுதியில் கிளீஸ் உண்மையான தாச்சியாலேயே தலையில் அடித்துவிட்டார். சிரிப்புக்குப் பின்னால் இப்படி வலியும் இருந்திருக்கிறது.

தொடரை ஸ்பெயினில் காட்டியபோது மனுவேலை இத்தாலியராக்கி, பெயரையும் பவுலோ என்று மாற்றிவிட்டார்கள். பார்சலோனா இருக்கும் கட்டலோனியாவில் அவர் மெக்சிகோக்காரர். தெரியாதவன் எப்போதும் அடுத்த நாட்டுக்காரனாகத்தான் இருக்கவேண்டும் போலும்.

1978இல் அவர் எழுதி நடித்த வானொலி நாடகம் ஒன்றைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. பெயர் 'பழிவாங்கல்'. அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது. தப்பி ஓடும் கைதி ஒருவனின் மூச்சு, காலடி, தண்ணீர், கதவு என்று ஓசைகளாலேயே கதை முழுவதும் நடக்கிறது. பாஷை இல்லாவிட்டாலும் மனிதனுடைய பயம் விளங்கும் என்று அறிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

2008இல், அவருக்கு 78 வயதில், வேறு விதமான சிரிப்பையும் அவர் சந்திக்க நேர்ந்தது. பிபிசி வானொலியின் பிரபல அறிவிப்பாளர்கள் இருவர் அவருடைய தொலைபேசியில் அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமான செய்திகளைப் பதிவு செய்து, அதை நகைச்சுவை என்று ஒலிபரப்பினார்கள். 40,000க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்தன. ஒருவர் பதவி விலகினார், மற்றவர் 12 வாரம் இடைநிறுத்தப்பட்டார். அடுத்த வருடம் பிபிசிக்கு 150,000 பவுண் அபராதமும் விதிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் மானத்தை எடுத்து நாலு பேர் முன்னால் விளையாடுவதற்கு லண்டனும் எங்கள் ஊர்ச் சந்தியும் ஒன்றுதான். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் அது பகிடி இல்லை என்று சொன்னார்கள்.

2012இல் அவருக்கு மறதிநோய் இருப்பது தெரியவந்தது. மெல்ல மெல்லப் பேச்சும் போனது. மெலடி கூடவே இருந்து பராமரித்தார். 2016 நவம்பர் 23ஆம் திகதி, லண்டனில் நடிகர்களுக்கான பராமரிப்பு இல்லமொன்றில் காலமானார். வயது 86. அவர்களுடைய மணவாழ்க்கை 56 வருடம்.

போன மாதக் கூட்டத்தில், என் மடிக்கணினியில் 'ஜேர்மானியர்கள்' பகுதியைப் போட்டேன். இடையிடையே நிறுத்தித் தமிழில் சொன்னேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் குனிந்திருந்து மனுவேல் ஆங்கிலம் பேசிப் பழக, மேசையில் கிடக்கும் மான்தலைதான் பேசுகிறது என்று ஒரு கிழவர் நம்பிவிடுவார். அந்த இடத்தில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது அந்த அலுவலக அக்காதான். "பாத்தியளே, அவன் புத்தகம் வைச்சுப் படிக்கிறான். விளங்காதது அந்த மனிசனுக்குத்தான்!" என்றார்.

பிறகு நான் நடிகரின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. "தாய் வேதக்காரி எண்டுதானே சொன்னனீங்கள், அவ விட்டிட்டு அங்கயே இருந்திருக்கலாம் தானே?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். "இருந்திருக்கலாம்" என்றேன். மூலையில் இருந்த வயதான அம்மா, "எப்பிடியடி இருக்கிறது?" என்றார், தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அடுத்த கூட்டத்துக்கு இன்னொரு பகுதி கேட்டிருக்கிறார்கள். மனுவேல் வெள்ளெலி என்று நம்பி எலி வளர்க்கும் கடைசிப் பகுதியைக் கொண்டுபோக இருக்கிறேன். அதில் ஹோட்டலுக்குச் சாப்பிட வரும் ஒரு பெண்ணாக மெலடியும் நடித்திருக்கிறார்.