பெர்ஸெபோலிஸ்: ஒரு சிறுமியின் ஈரானும் ஓர் அகீதாக் கேள்வியும்

ஈரானியர் ‘தக்தே ஜம்ஷீத்’ என வழங்கும் பண்டைய தலைநகரைக் கிரேக்கர் ‘பெர்ஸெபோலிஸ்’ என்றனர். கி.மு. 330இல் அலெக்ஸாந்தர் காலத்தில் எரியுண்ட அந்நகரின் பெயரையே, ஈரானில் 1969இல் பிறந்து பிரான்ஸில் குடியேறிய மர்ஜான் ஸத்ராபி தம் வரலாற்றைக் கூறும் சித்திரக் கதைக்குச் சூட்டினார். 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாகப் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அந்நூல், 2007இல் அவரும் வின்சென்ட் பரோனோவும் இணைந்து இயக்கிய சித்திரத் திரைப்படமாயிற்று. கான் விழாவில் அது நடுவர் குழுப் பரிசைப் பகிர்ந்து பெற்றது. படத்தில் நிகழ்காலம் வண்ணத்திலும் கடந்தகாலம் கறுப்பு வெள்ளையிலும் வரையப்பட்டுள்ளன.

1979இல் ஷாவின் ஆட்சி வீழ்ந்தபோது சிறுமிக்கு வயது ஒன்பது. ஷாவின் சிறையில் வாடிய அவளுடைய சிறிய தந்தை அனூஷ் விடுதலையாகி வருகிறார். ரொட்டியில் செய்த அன்னப் பறவையை அவளுக்குப் பரிசளிக்கிறார். அவர் பொதுவுடைமையாளர். புதிய ஆட்சி அவரை மீண்டும் சிறைப்பிடித்துக் கொன்றுவிடுகிறது. 1980இல் ஈராக்குடன் போர் மூள்கிறது. பதினான்காம் வயதில் பெற்றோர் அவளை வியன்னாவுக்கு அனுப்பிவிடுகின்றனர்.

முஸ்லிம் உலகில் எழுந்த சினம் இவற்றைப் பற்றியதன்று. அச்சிறுமி இறைவனை வெண்தாடி முதியவராகக் கற்பனை செய்து உரையாடுகிறாள். அனூஷ் கொல்லப்பட்டதும் அவரை விரட்டிவிடுகிறாள். இறைவனுக்கு ஒப்பானது எதுவுமில்லை என்பது ஷூரா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் உணர்த்தும் அடிப்படை. ஆகவே இச்சித்திரிப்பு ‘தஷ்பீஹ்’ என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் தீர்ப்பு அவ்வளவில் முடிவதில்லை. பருவமடையாத குழந்தையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் நபிமொழியை நம் மாணவர் அனைவரும் அறிவர். வரைந்தவர் வயதுவந்தவராயிற்றே எனில், அதுவும் நியாயமான வினாவே. பிறர் கூறிய குஃப்ரை எடுத்துரைப்பவர் அதனால் காஃபிராகிவிடுவதில்லை என்னும் விதி இங்கு நினைக்கத்தக்கது. அவர் அதனை ஏற்று உரைக்கலாகாது என்பதே நிபந்தனை. படம் அவ்வுருவத்தைக் குழந்தையின் எண்ணமாகவும், பிற்காலத்தில் மனம் சோர்ந்த ஓர் இளம்பெண்ணின் கனவாகவுமே காட்டுகிறது. அக்கனவில் இறைவனுக்கு அருகில் கார்ல் மார்க்ஸும் நிற்கிறார்! இதனை அகீதாவென எவரும் கொள்ளார். எனவே அதபுக்கு மாறானது என்போம். குஃப்ர் என்று கூறத் துணியோம்.

துனீசியாவில் இவ்வேறுபாடு பேணப்படவில்லை. 2011 ஜனவரியில் பின் அலீ நாட்டைவிட்டு ஓடிய பின், அவ்வாண்டு அக்டோபர் 7 அன்று நெஸ்மா தொலைக்காட்சி இப்படத்தைத் துனீசியப் பேச்சு அரபியில் மொழிமாற்றி ஒளிபரப்பிற்று. முதல் சுதந்திரத் தேர்தலுக்கு இரு வாரங்களே இருந்தன. பிரெஞ்சில் ஒலித்தபோது தொலைவில் நின்ற காட்சி, வீட்டு மொழியில் ஒலித்தபோது கூடத்துக்கே வந்துவிட்டது போலும்! மக்கள் கண்டனப் பேரணி நடத்தியது அவர்தம் உரிமை. ஆனால் நிலைய உரிமையாளர் நபீல் கரூயீயின் வீடு தாக்கப்பட்டதற்கு ஷரீஅத்தில் எவ்வித ஆதாரமும் நாம் காணோம். அவர் மன்னிப்புக் கோரிய பின்னும் வழக்கு நடந்தது. 2012 மே மாதம் நீதிமன்றம் அவருக்கு 2,400 தீனார் அபராதம் விதித்தது.

அனூஷ் கொல்லப்பட்டதைக் குறித்தோ, உயிர்க்கொலை பற்றிய குர்ஆனின் எச்சரிக்கையைக் குறித்தோ அப்பேரணிகளில் எவரும் முழங்கியதாக நாம் அறியவில்லை.