நினைவில்லை என்பவருக்குள் இருக்கும் நினைவு

டேனியல் ஷாக்டர் என்ற உளவியலாளர், நினைவை ஆராய்வதற்காக ஒரு நோயாளியோடு கோல்ஃப் ஆடப் போனார். பச்சைப் புல்வெளி, இரண்டே ஆட்டக்காரர்கள். உடன் வந்தவருக்கு அல்ஸைமர் நோயின் தொடக்கக் கட்டம். ஷாக்டர் தன் நூலில் அவரை ஃப்ரெடரிக் என்று குறிப்பிடுகிறார், அது புனைபெயர். பல்லாண்டுகள் கோல்ஃப் ஆடியவர் என்பதால், எவ்வளவு தூரத்துக்கு எந்த மட்டை என்பதில் அவர் தடுமாறவே இல்லை. 'பர்டி', 'போகி' என்று ஆட்டக்காரர்களின் பேச்சும் சரளமாக வந்தது. ஆனால், அவர் அடித்த பிறகு ஷாக்டரும் அடித்து முடிப்பதற்குள், தன் பந்து எங்கே விழுந்தது என்பது அவருக்கு மறந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி ஆடப் போனபோது, "உங்களோடு ஆடியதே இல்லையே, கொஞ்சம் பதற்றமாக இருக்கிறது" என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்.

இந்த ஆய்வு 1983-ல் வெளியானது. நடந்ததை நினைவுகூர முடியாத ஒருவரிடம் நினைவு என்று என்னவெல்லாம் மிஞ்சியிருக்கிறது? இந்தக் கேள்வியை ஷாக்டர் அதற்கு முன்பே பிடித்துவிட்டார், அதுவும் நல்ல ஞாபகசக்தி உள்ளவர்களிடமே.

டொரண்டோ பல்கலைக்கழகத்தில் தன் ஆசிரியர் எண்டல் டல்விங்குடன் சேர்ந்து அவர் நடத்திய சோதனை 1982-ல் வெளியானது. சில சொற்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்தும், 7 நாள் கழித்தும் இரண்டு விதமாகச் சோதித்தார்கள். 'இந்தச் சொல்லைப் பார்த்தீர்களா?' என்று கேட்டபோது, ஒரு வாரத்தில் நினைவு நன்றாகவே மங்கியிருந்தது. எழுத்துகள் விடுபட்ட சொல்லைக் கொடுத்து நிரப்பச் சொன்னபோதோ, படித்த சொற்களை நிரப்புவதில் இருந்த கூடுதல் வெற்றி ஒரு வாரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே நின்றது. ஒரு சொல்லை முன்பு பார்த்ததாக அடையாளம் கண்டாலும் காணாவிட்டாலும், அதை நிரப்பும் திறனில் வித்தியாசம் இல்லை!

நீங்களும் பாருங்கள்: _ ல் _ ளி. சட்டென்று விடை வந்திருந்தால், முதல் பத்தியில் படித்த ஒரு சொல்லுக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இன்னும் கூர்மையான சான்று 1984-ல் வந்தது. பீட்டர் கிராஃப், லாரி ஸ்குவயர், ஜார்ஜ் மேண்ட்லர் மூவரும் நினைவிழப்பு நோயாளிகளுக்குச் சொற்களைக் காட்டிவிட்டு, பிறகு அவற்றின் முதல் மூன்று எழுத்துகளை மட்டும் கொடுத்தார்கள். 'முன்பு பார்த்த சொல்லைச் சொல்லுங்கள்' என்றால் நோயாளிகள் திணறினார்கள். அதே மூன்று எழுத்துகளைக் கொடுத்து, 'மனதில் முதலில் வரும் சொல்லைச் சொல்லுங்கள்' என்றால், மற்றவர்களுக்கு இணையாக முன்பு பார்த்த சொற்களையே சொன்னார்கள். மாறியது கேள்வி ஒன்றுதான். இந்தத் துறையின் ஆகச் சிறந்த சோதனைகளில் ஒன்று இது என்பேன்.

அடுத்த ஆண்டு கிராஃபும் ஷாக்டரும் இவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். தெரிந்தே நினைவுகூர்வது வெளிப்படை நினைவு. நினைவுகூராமலே, முன் அனுபவம் நம் செயலில் தலைகாட்டுவது உள்ளுறை நினைவு. மூளைக்குள் இரண்டு தனித்தனி அறைகள் இருப்பதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பழைய அனுபவம் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் சுட்டுகின்றன.

சரி, இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? ஷாக்டரும் எலிசபெத் கிளிஸ்கியும் நினைவிழந்தவர்களுக்குக் கணினிச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். விளக்கத்தைச் சொல்லி, விடை வரும்வரை அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த முறை ஓர் எழுத்து குறையும். குறைந்து குறைந்து, கடைசியில் எழுத்தே காட்டாமல் விடை வரும். மூளையழற்சியால் நினைவிழந்த ஒரு பெண், இப்படிப் படிப்படியாகப் பழகி, ஒரு நிறுவனத்தில் கணினியில் தகவல் பதியும் வேலையைச் செய்யும் அளவுக்கு வந்தார்.

ஆனால் இந்தக் கற்றலில் நெகிழ்வு குறைவு. பழகிய கேள்வியின் வாசகத்தைச் சற்றே மாற்றினாலும் நோயாளிகள் தடுமாறினார்கள். இன்னொரு சிக்கல், தவறும் பதிந்துவிடுவது. தவறு செய்ததை நினைவுகூர முடிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும்? நினைவிழந்தவர்களை ஊகிக்க விட்டுப் பிறகு திருத்துவதைவிட, தவறுக்கே இடம் கொடுக்காமல் கற்பிப்பது நல்ல பலன் தருகிறது என்று ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-ல் காட்டினார்கள்.

வீட்டில் நினைவு மங்கிய பெரியவர் இருந்தால், "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று அவரைச் சோதிக்காதீர்கள். பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மருந்து டப்பா தினமும் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஒரு வேலையைப் பழக்கினால் நாளும் அதே வரிசையில், அதே வார்த்தைகளில் பழக்குங்கள்.