பந்து வீசுவதா, விடுவதா?

சாப்ட்பால் என்றால் என்னவென்று வினவும் அன்பர்கள் நம் சங்கத்தில் இன்றும் உளர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் தாத்தா பாட்டிமார் அதனைக் கிரிக்கெட் என்றே கொண்டு, “எத்தனை ரன் எடுத்தாய், கண்ணு?” என்று பேத்தியைக் கேட்பர். ஆயினும் மகாராஷ்டிரத்தில் பணி நிமித்தம் குடியேறிய நம்மவர் வீட்டுப் பெண்கள் சிலர் பள்ளி மைதானத்தில் பழகி வருவது இவ்விளையாட்டையே. 1887-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு படகுக் கழகத்தின் கூடத்துக்குள் பொழுதுபோக்காகத் தோன்றியது இது. நம் நாட்டில் இதற்கென 1961-இல் சங்கம் அமைந்தது.

புனேயில் வாழும் தாயார் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “எங்கள் பெண்ணுக்குப் பதினான்கு வயது. மூன்றாண்டுகளாகப் பந்து வீசுகிறாள். இப்போது விட்டுவிடுகிறேன் என்கிறாள். நாங்கள் என்ன சொல்வது?”

விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று இது. மாற்றலாகி வந்த ஊரில் மொழி புரியாமல் வகுப்பின் கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருந்த பெண், மராட்டி பேசத் துணிந்ததும் தோழியரைப் பெற்றதும் அந்த மைதானத்தில்தான். பந்து வீசுவதை விடும்போது அவற்றையும் சேர்த்து இழந்துவிடுவாளோ என்பதே அத்தாயின் உண்மையான கவலை. ஆகவே நாம் முதலிற் சொல்வது, பந்து வீசுவதை விடுவது வேறு, ஆட்டத்தையே விடுவது வேறு என்பதுதான். பதினான்கு வயதில் இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். அதனைப் பிரித்துக் காட்டுவது பெரியவர் பொறுப்பு.

பந்து வீசுபவளின் நிலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் எதிரணியின் இருபத்தொரு விக்கெட்டுகளையும் வீழ்த்தவேண்டும் என்று கிரிக்கெட் மொழியில் சொல்லலாம். ஒவ்வொரு பந்தும் அவள் கையிலிருந்தே புறப்படுகிறது. மற்ற எண்மரும் பந்து தம்மிடம் வரும்போது மட்டுமே சோதிக்கப்படுகின்றனர். அவளோ நூறு முறை சோதிக்கப்படுகிறாள். இலக்குத் தவறிய பந்து நான்கானால் எதிரணிப் பெண் மட்டையை வீசாமலே முதல் தளத்துக்கு நடந்து செல்வாள். அப்படி மூவர் நடந்துவிட்டால், பின்னால் நிற்கும் தோழியர் கால் மாற்றி நிற்பதும் பெருமூச்சு விடுவதும் அவள் காதில் விழாமற் போகா. இந்தத் தனிமையைச் சுமப்பதில் மகிழ்ச்சி காணும் பிள்ளைகளும் உண்டு. காணாத பிள்ளைகளும் உண்டு. இதில் உயர்வு தாழ்வு இல்லை.

“ஏன் விடவேண்டும் என்கிறாய்?” என்று நேரே கேட்டால் “சும்மாதான்” என்ற மறுமொழியே கிட்டும். சற்றுப் பொறுத்து உற்று நோக்கினால் காரணம் தானே வெளிப்படும்.

முதலாவது வலி. கையைக் காற்றாடிபோல் முழுவட்டமாகச் சுழற்றி இடுப்பருகே பந்தை விடுவது உடலுக்கு இயல்பான அசைவு, அதனால் ஊறு நேராது என்று நெடுங்காலம் நம்பினர். அது சரியன்று. தோளின்மீது அச்சுழற்சி செலுத்தும் விசை, பேஸ்பால் ஆட்டத்தில் தலைக்குமேல் கையோங்கி எறிபவர் தாங்கும் விசைக்கு ஒப்பானது என்பதை அளவீடுகள் காட்டிவிட்டன. தோளின் முன்புறத்தில் நோவு தோன்றி, இரவு கழிந்தும் நீங்காதிருந்தால், இது விருப்பு வெறுப்புப் பற்றிய பேச்சே அன்று. பந்தைக் கீழே வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சி வலியை மறைக்கும் பிள்ளைகள் பலர். தலை வாரிக்கொள்ளக் கையைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறாளா என்பதை அன்னையரால் கண்டுகொள்ள இயலும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே ஆட்டத்தில் ஈடுபடும் பிள்ளைகட்கு வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் அவ்வாட்டத்திலிருந்து ஓய்வு வேண்டும் என்கிறது. பெண் வேண்டுவது முடிவன்று, அந்த ஓய்வாகவே இருக்கலாம்.

இரண்டாவது அச்சம். இதனைப் பிள்ளைகள் சொல்லவே மாட்டார்கள். அப்பெண் நிற்கும் இடத்துக்கும் மட்டையேந்தி நிற்பவளுக்கும் இடையே உள்ளது 43 அடியே. வீசி முடிக்கையில் ஓரடி முன்வைத்து இன்னும் நெருங்கிவிடுகிறாள். அடிபட்ட பந்து நேரே திரும்பினால் கண்ணிமைக்க நேரமில்லை. ஒருமுறை முழங்காலிலோ தாடையிலோ பட்டுவிட்டால், பிறகு கை தானாகவே தயங்கும். இதற்கு முகக்காப்பு உண்டு. அதனை அணிவது கோழைத்தனம் என்று எவரேனும் நகைத்தால், நகைப்பவரை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கலாம்!

மூன்றாவது வளர்ச்சி. பன்னிரண்டு வயதில் குறி தவறாது வீசியவள், ஓராண்டில் நெடுநெடுவென வளர்ந்தபின் தடுமாறுவது இயற்கை. கை நீண்டது, கால் நீண்டது. பழைய கணக்கு பொருந்துவதில்லை. அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு 40 அடியாக உள்ள தொலைவு அடுத்த பிரிவில் 43 அடியாகிறது. திறமை போய்விட்டது என்று அவள் கருதுவது பெரும்பாலும் இத்தகைய இடைக்காலமே.

நான்காவது காரணம் நாம்தாம். குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் மாலைதோறும் குந்தி உட்கார்ந்து மகள் வீசும் பந்தைப் பிடிக்கும் தந்தையரை நாம் அறிவோம். அண்டை வீட்டுக்காரரின் கார்க் கண்ணாடிக்கு அஞ்சியபடியே அவர்கள் செய்யும் அத்தொண்டு போற்றத்தக்கது. ஆனால் ஆட்டநாளில் வலைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் தமிழில் அறிவுரை கூவுவதும் அதே தந்தைதான். மற்றவர்க்குப் புரியாது என்று அவர் நினைக்கிறார். குரலின் தொனி எல்லோர்க்கும் புரிகிறது. வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது, “பசிக்கிறதா, அம்மா?” என்று மட்டும் கேட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். விடுகிறேன் என்ற பேச்சு நின்றுவிடவும் கூடும்.

இவை அனைத்தையும் ஆராய்ந்த பின்னும் அவள் மனம் மாறவில்லையெனில், தோற்ற நாளின் இரவில் முடிவு செய்யலாகாது. ஒரு தவணை வையுங்கள்: இந்தப் பருவத்து ஆட்டங்கள் முடியும்வரை, அல்லது தீபாவளி விடுமுறைவரை. அதற்குள் வேறு இடங்களிலும் நின்று பழகட்டும். பந்து வீசி உரம்பெற்ற கை மூன்றாம் தளத்திலிருந்து குறுக்கே எறிய நன்கு உதவும். தவணை முடிந்ததும் முடிவு அவளுடையதாகட்டும். பெற்றோர் அதனை ஏற்க வேண்டும்; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாகாது.

மதிப்பெண் பற்றிய கவலையும் எழும். மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவுவது உண்மை. ஆனால் சான்றிதழ் அணியில் ஆடியவர் அனைவர்க்கும் உரியது. பந்து வீசியவர்க்கு மட்டும் உரியதன்று.

ஜப்பானிய வீராங்கனை யுகிகோ உவெனோவை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பிள்ளையைத் தூண்டுவோரும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தம் நாட்டுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர் அவர். வியக்கத்தக்க செயலே, ஆனால் பள்ளிப் பெண்ணுக்கு அது பாடமன்று. 2021-இல் டோக்கியோ இறுதி ஆட்டத்தில், தம் 39-ஆம் வயதில், நடுவில் இருபது வயது மியு கோதோவிடம் பந்தைக் கொடுத்துவிட்டுக் கடைசி இன்னிங்ஸுக்குத் திரும்பி வந்தாரே, அதனைச் சொல்லுங்கள். அன்றும் தங்கம் ஜப்பானுக்கே.

முடிவைப் பயிற்சியாளரிடம் பெண்ணே தன் வாயால் சொல்லட்டும். தந்தையோ தாயோ உடன் நின்றால் போதும். போட்டிக்கு முந்திய நாள் வேண்டா; அணிக்கு மற்றொருத்தியைப் பழக்கக் காலம் வேண்டுமல்லவா? கையுறை புதிது வாங்க வேண்டுமோ என்று அத்தாயார் இறுதியாகக் கேட்டார். வேண்டா. காட்சர் இடத்துக்கும் முதல் தளத்துக்கும்தான் தனிக் கையுறை. மற்ற இடங்கட்குப் பழையதே போதும்.