ஊர் ஊராகப் போன பந்து!

குழந்தைகளே, கொருக்குப்பேட்டை ரயில் நிலையம் உங்களுக்குத் தெரியும் அல்லவா? கடற்கரையிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வரும் பாதையும், சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாக வரும் பாதையும் ஒன்று சேரும் இடம் அது. அங்கே நின்று கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ரயில்களை ஓட்டும் தெற்கு ரயில்வே, கூடைப்பந்து அணியும் வைத்திருக்கிறது!

ஆமாம். டிக்கெட் கொடுப்பவர், சிக்னல் பார்ப்பவர் போல, பந்து ஆடுகிறவர்களும் அங்கே ஊழியர்கள்தான். மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு.

மாலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், "பந்து சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்கிறார்களா? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, அந்த அணியில் ஆடிய ஒருவரை இன்று பார்ப்போம். அவர் பெயர் கீது அன்னா ஜோஸ்.

கீது 1985-ஆம் ஆண்டு பிறந்தவர். கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துக்காரர். ஆறு அடிக்கும் மேல் உயரம்! முதலில் அவர் ஆடியது கைப்பந்து. பிறகுதான் கூடைப்பந்துக்கு மாறினார். சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி அணியில் ஆடினார். அந்த ஆட்டமே அவரைச் சென்னைக்கு, தெற்கு ரயில்வே வேலைக்கு அழைத்து வந்தது.

நல்ல வேலை, நல்ல அணி. அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் தன்னைவிடத் திறமையானவர்களோடு மோதிப் பார்த்தால்தானே ஆட்டம் வளரும்? 2006-இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மெல்போர்ன் நகரத்தை ஒட்டிய ரிங்வுட் என்ற இடத்தின் 'ரிங்வுட் ஹாக்ஸ்' அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கிளப் ஒன்றுக்கு ஆடிய முதல் இந்திய வீராங்கனை அவர்தான். புது ஊர், புது மொழி, புதுப் பயிற்சியாளர். எல்லாமே புதிது. பந்து மட்டும் பழையது!

2011-இல் இன்னும் பெரிய அழைப்பு வந்தது. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் அப்போது இருந்தவை 12 அணிகள். அன்று ஓர் அணியில் 11 பேருக்கு மேல் இடம் கிடையாது. உலகம் முழுவதும் உள்ள வீராங்கனைகள் அந்தச் சில இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் என்ற மூன்று அணிகள் கீதுவைத் தேர்வுக்கு அழைத்தன. இப்படி அழைக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அவர்.

போனார். ஓடிக் காட்டினார், எறிந்து காட்டினார். முடிவு என்ன தெரியுமா? மூன்று அணிகளிலும் இடம் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துவோம். பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பெயரை வாசிக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? முகம் வாடிவிடும். இனிமேல் பந்தைத் தொடவே கூடாது என்று தோன்றும். கடல் கடந்து போய் மூன்று முறை அப்படிக் கேட்டுத் திரும்பியவர் என்ன செய்திருப்பார்?

திரும்பி வந்து, மறுபடியும் பந்தைத் தட்டத் தொடங்கினார். 2013-இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி ஐந்தாம் இடம் பிடித்தது. அந்த அணியில் கீது இருந்தார். 2014-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

இப்படி ஊர் ஊராக, அணி அணியாகப் போய் ஆடுகிறவர்களுக்கு விளையாட்டு உலகில் 'ஜர்னிமேன்' என்று பெயர். பயணம் செய்வதால் வந்த பெயர் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! பிரெஞ்சு மொழியில் 'ழூர்னே' என்றால் ஒரு நாள். தொழிலை முழுதாகக் கற்று, நாள் கணக்கில் கூலி வாங்கி வேலை செய்த கைவினைஞருக்குத்தான் முதலில் அந்தப் பெயர் இருந்தது. நம் ஊர்க் கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். இன்று ஒரு வீடு, அடுத்த மாதம் வேறொரு வீடு. இடம் மாறும்; கையில் உள்ள கரண்டியும் கற்ற வேலையும் மாறா.

அமெரிக்க ஆண்கள் லீக்கில் இதற்கு ஒரு சாதனையாளரே இருக்கிறார். அவர் ஈஷ் ஸ்மித். 2010-ஆம் ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 60 பெயர்களை வாசித்தார்கள். அவர் பெயர் அதில் இல்லை. உயரமும் ஆறு அடிதான். அந்த லீக்கில் அது குள்ளம்! ஆனாலும் முயன்று ஓர் அணியில் சேர்ந்தார். அங்கே ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். பத்தே நாள் ஒப்பந்தம்கூட உண்டு. இன்று இந்த ஊர், நாளை எந்த ஊரோ! ஈஷ் ஸ்மித் மொத்தம் 13 அணிகளுக்கு ஆடினார். அந்த லீக்கில் வேறு யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. பதின்மூன்றாவது அணியான டென்வர் நகெட்ஸ் 2023-இல் கோப்பையை வென்றது. அந்த அணியில் அவர் முக்கிய வீரர் அல்ல. பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். ஆனாலும் அவரும் சாம்பியன்தான்!

ஒரே இடத்தில் வேரூன்றி உயர்ந்தவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை அதே தெற்கு ரயில்வே வீராங்கனைதான். 19 வயதில் இந்திய அணிக்குக் கேப்டன் ஆனார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இரண்டு வழியும் நல்ல வழிதான்.

சரி, பந்து சோறு போடுமா? சிலருக்குப் போடும்; எல்லோருக்கும் அல்ல. அதனால் படிப்பை விட்டுவிடாதீர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகவும் படிப்புத் தகுதி கேட்பார்கள். ஆனால் 'உனக்கு இடம் இல்லை' என்று ஓர் அணி சொன்னால், அந்த அணியில் இடம் இல்லை என்றுதான் பொருள். உங்களுக்கு ஆடத் தெரியாது என்று பொருள் அல்ல.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். பந்தை வலது கையால் ஐம்பது முறை, இடது கையால் ஐம்பது முறை, கீழே பார்க்காமல் தட்டிப் பழகுங்கள். எந்த அணிக்குப் போனாலும் அந்தப் பழக்கம் உங்களோடு வரும்!

தெரியுமா?

* கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர். ஆண்டு 1891. முதல் 'கூடை', பீச் பழம் வைக்கும் கூடை!

* அன்று அதை மாட்டிய உயரம் 10 அடி. இன்றும் அதே உயரம்தான்.

* சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக். நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்ததும் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில்தான்!